ஒரு பிள்ளையும் விடுபடாத ஒரு வாரம்: மலையக ஆரம்பப் பாடசாலைகளுக்கான செயற்பாட்டு வார வழிகாட்டி

நாங்கள் முதன்முதலாகப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன காலை, பஸ் தொழிலாளரின் வரிசை வீடுகளான கீழ் லயத்தைத் தாண்டும்போது தரம் நான்கில் படிக்கிற ஒரு பையன் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் வாளி. அவனுக்குக் காய்ச்சல், வரமாட்டான் என்று முந்தின நாள் அவன் தங்கச்சி வந்து சொல்லியிருந்தாள். காய்ச்சல் ஒன்றும் இல்லை. நாங்கள் கேட்ட காசைக் கொடுக்க வீட்டில் வழியில்லை. அவனோடு சேர்த்து அன்று ஏழு பிள்ளைகள் வரவில்லை.

பிழை எங்களுடையது. இடத்தை முதலில் முடிவுசெய்தோம், பிறகு பஸ்ஸைப் பேசினோம், கடைசியில் ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துத் தாளில் எழுதி அனுப்பினோம். அதற்கடுத்த வருடத்திலிருந்து திட்டத்தைத் தலைகீழாகப் போடுகிறோம். காசு கொடுக்க முடியாத பிள்ளை, சப்பாத்து இல்லாத பிள்ளை, ஓட முடியாத பிள்ளை, பஸ் ஏறினால் வாந்தியெடுக்கும் பிள்ளை இவர்களை முதலில் மனதில் வைத்துக்கொண்டு, இவர்கள் ஐந்து நாளும் வருவதற்கு என்ன வேண்டும் என்றுதான் தொடங்குகிறோம். மற்றப் பிள்ளைகளுக்கு அது தானாகவே பொருந்திவிடுகிறது.

கீழே இருப்பது தரம் 1 முதல் 5 வரை உள்ள ஒரு சிறிய தோட்டப் பாடசாலையில் நாங்கள் செய்து பார்த்த முறை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தை வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ப இடங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: எந்த வாரம்?

ஆறு வாரத்துக்கு முன்பே திகதியைக் குறித்துவிட வேண்டும். மலையின் மேற்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் செப்டெம்பர் வரை மைதானம் சேறுதான். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு வேறு. வருடக் கடைசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை அங்கே ஜனவரியிலும் விடாது. அவர்களுக்கு ஜூன், ஜூலை நல்லது, காற்று மட்டும் பலமாக இருக்கும்.

மார்ச், ஏப்ரலில் வைப்பதென்றால் வெளியே செய்யும் எல்லாவற்றையும் பகல் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள். பின்னேரம் இடியோடு மழை வரும். ஏப்ரல் மாதம் நுவரெலியாப் பக்கம் போகவே வேண்டாம், வசந்தகாலக் கூட்டத்தில் பஸ் நிறுத்த இடம் கிடைக்காது. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவகாலத்தில் வார இறுதியிலும் போயா (பௌர்ணமி) நாட்களிலும் ஹட்டன், மஸ்கெலியா வீதி நெரிசலாக இருக்கும். உங்கள் தோட்டத்துத் திருவிழா வாரத்தையும் தவிருங்கள். தேர் வரும் கிழமையில் பிள்ளைகளின் மனம் உங்களிடம் இருக்காது.

இன்னொரு கணக்கு, சம்பளம். தோட்டத்தில் மாதம் பத்தாம் திகதிச் சம்பளம். இருபதுக்குப் பிறகு ஒரு நிகழ்ச்சி வைத்தால் பிஸ்கட் பக்கெட் வாங்கிக் கொடுக்கக்கூடப் பல வீடுகளில் கை வறண்டிருக்கும். பத்தாம் திகதியை ஒட்டிய வாரத்தைப் பிடியுங்கள்.

அனுமதி, பெற்றோர் கூட்டம், காசு

அதிபர் மூலம் வலயக் கல்விப் பணிமனைக்கு விண்ணப்பம் போக வேண்டும். போகும் இடம், நேரம், பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், உடன்வரும் ஆட்கள், பஸ்ஸின் பத்திரங்கள் எல்லாவற்றையும் இணைத்து அனுப்புங்கள். எழுத்தில் அனுமதி கைக்கு வராமல் பஸ்ஸுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். தோட்டத்துக்குள்ளும் தொழிற்சாலைக்கும் போவதற்கு முகாமையாளருக்குத் தனிக் கடிதம் வேண்டும். ஒரு பிரதியைத் தோட்ட வைத்திய நிலையத்துக்கும் கொடுத்தால் அன்று அவர்களும் ஆயத்தமாக இருப்பார்கள்.

பெற்றோர் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் வரும் ஓர் அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், இல்லாவிட்டால் அரைப்பேர். கூட்டத்துக்கு வராதவர்களைப் பார்த்து "அக்கறை இல்லை" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோமே, அது எவ்வளவு பெரிய அநியாயம்! பின்னேரக் கொழுந்தை எடை போட்டு முடிந்த பிறகு, ஐந்து மணிக்கு, பாடசாலையில் வைக்காமல் லயத்துக்குப் பக்கத்தில் கோயில் மண்டபத்திலோ, வேலைக்குப் போகும் அம்மாமாரின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவிலோ வைத்துப் பாருங்கள். எங்களுக்கு அந்த ஒரு மாற்றத்தில் மண்டபம் நிறைந்தது.

காசுக்கு நாங்கள் செய்வது இது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி வெள்ளை உறை, மேலே பெயர் இல்லை. விரும்பியதை வைத்து ஒட்டி அலுவலகப் பெட்டியில் போடலாம், வெறும் உறையாகவும் போடலாம். குறையும் தொகையைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர்கள், பக்கத்து டவுன் கடைக்காரர்கள் ஆகியோரிடம் கேட்கிறோம். கொழும்பில் கடைகளில் வேலைசெய்யும் பழைய மாணவர்கள் மனமுவந்து தருகிறார்கள். பணம் கொடுப்பவர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கக் கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். அப்படியும் பணம் போதாவிட்டால் இடத்தைக் கிட்டவாக மாற்றுங்கள், பிள்ளைகளைக் குறைக்காதீர்கள்.

தரம் 5 பெற்றோர் சிலர் புலமைப்பரிசில் பரீட்சையைக் காட்டித் தயங்குவார்கள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளும் கணிதமும் தாய்மொழியும்தான் இந்த வாரம் முழுக்க நடக்கின்றன என்பதை நாள்வாரியாக எழுதிக் காட்டுங்கள். கேட்டுக்கொள்வார்கள்.

ஆட்கள்

தரம் 1, 2க்கு எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், மேலே பத்துப் பேருக்கு ஒருவர். இது எங்கள் கணக்கு, இதற்குக் கீழே இறங்க நான் சம்மதிப்பதில்லை. ஆசிரியர்கள் போதாது, பெற்றோரையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சோடி. ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணுங்கள், ஒரே ஆளே எண்ண வேண்டும். சட்டையில் குத்தும் அட்டையில் பாடசாலையின் பெயரும் பொறுப்பாசிரியரின் தொலைபேசி எண்ணும் போதும். பிள்ளையின் பெயரை வெளியே தெரிய எழுதினால் முன்பின் தெரியாதவர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

இலக்கங்கள் எல்லோரிடமும் இருக்கட்டும்: இலவச அம்பியூலன்ஸ் சுவசெரிய 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவம் 117.

திங்கள்: சொந்தத் தோட்டத்தைச் சுற்றி

முதல் நாளே பஸ் வேண்டாம். பிள்ளைகள் தினமும் நடக்கிற பாதையிலேயே தொடங்குங்கள். பாடசாலை வாசலிலிருந்து ஓடை வரை, அங்கிருந்து பழைய பங்களாப் பாதையால் மேலே, பிறகு கோயிலடியால் திரும்புதல். இரண்டு மணித்தியாலம் போதும். தரம் 1, 2 பிள்ளைகள் இலை பொறுக்கட்டும். ஐந்து விதமான இலை, ஐந்து விதமான விளிம்பு. தரம் 3, 4 வழியில் கண்டதைப் படமாக வரையட்டும். தரம் 5 அடிகளை எண்ணி வரைபடம் கீறட்டும். நூறு அடிக்கு ஒரு விரல்கடை என்று அளவுத்திட்டம் வைத்தால் அவர்களே செய்துவிடுவார்கள்.

ஓடையடியில் நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தண்ணி எங்க போய்ச் சேரும்?" ஹட்டனைச் சுற்றி இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. டிக்கோயாப் பக்கம் பெய்யும் மழை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், கெஹெல்கமு ஓயாவாக இறங்கி, களனி கங்கையில் சேர்ந்து கொழும்புக்குப் பக்கத்தில் மேற்குக் கடலில் விழுகிறது. கொட்டகலைப் பக்கம் பெய்கிற மழை கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் கலந்து திருகோணமலைக்குப் போய்க் கிழக்குக் கடலில் விழுகிறது. இடையில் இருப்பது ஒரு மலைமுகடுதான். எங்கள் பிள்ளைகள் அன்று ஓடையில் விட்ட இலைகளுக்கெல்லாம் "திருகோணமலை" என்று பெயர் வைத்தார்கள்.

இந்த நடைக்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை மறந்தால் வாரமே பாழாகிவிடும். அந்த மலையில் எங்கே குளவிக் கூடு இருக்கிறது, எந்த நம்பரில், அதாவது எந்தத் தேயிலைப் பகுதியில், மருந்து அடித்திருக்கிறார்கள் என்று கங்காணியிடம் முந்தின நாள் பின்னேரம் கேளுங்கள். தேயிலை மலையில் குளவி கொட்டி உயிரிழந்தவர்களைப் பற்றிக் கேள்விப்படாத தோட்டம் இல்லை. பிள்ளைகளுக்கு ஒத்திகை கொடுங்கள்: கல் எறியக் கூடாது, மரத்தை உலுக்கக் கூடாது, குளவி கிளம்பினால் கையால் அடிக்காமல் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு கட்டடத்தை நோக்கி ஓட வேண்டும். வாசனைப் பவுடரும் சென்ரும் அன்றைக்கு வேண்டாம். கொட்டுப்பட்ட பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990ஐ அழையுங்கள்.

இரத்தம் குடிக்கும் அட்டை அவ்வளவு பெரிய விசயம் இல்லை. காலிலே சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டால் அதிகம் ஏறாது.

செவ்வாய்: தொழிற்சாலை

ஏன் திங்கள் இல்லை என்று கேட்பீர்கள். பெரும்பாலான தோட்டங்களில் ஞாயிறு கொழுந்து எடுப்பதில்லை. எனவே திங்கள் காலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், அரைக்க ஒன்றும் இருக்காது. மெசின் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வருவதில் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? திங்கள் எடுத்த கொழுந்து இரவு முழுக்க வாட்டுத் தட்டில் வாடிக் கிடந்து, செவ்வாய் விடியலில் இலையை உருட்டி நசுக்கும் ரோலருக்கு வரும். காலை எட்டரைக்குள் போய்விட்டால் அரைப்பு, புளிக்கவைப்பு, உலர்த்தல், சலிப்பு எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்க்கலாம். பின்னேரம் போனால் சலிப்பதையும் பைகளில் நிரப்புவதையும்தான் பார்க்க முடியும்.

உள்ளே சத்தம் அதிகம், நீங்கள் சொல்வது ஒன்றும் பிள்ளைக்குக் கேட்காது. விளக்கம் எல்லாவற்றையும் வகுப்பறையில் முதலே சொல்லிவிட்டு, உள்ளே பார்க்கவும் முகரவும் மட்டும் விடுங்கள். பன்னிரண்டு பேராகப் பிரித்து அனுப்புங்கள். தலைமுடி கட்டியிருக்க வேண்டும். தொங்கும் சால்வை, வளையல் வேண்டாம், ரோலருக்குப் பக்கத்தில் கயிறு கட்டச் சொல்லுங்கள். தும்மல், இழுப்பு உள்ள பிள்ளைகளைச் சலிக்கிற இடத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள், தூள் பறக்கும்.

தேயிலை தயாரிப்பைப் பொறுப்பாகப் பார்க்கும் டீமேக்கரிடம் முன்பே பேசி மூன்று கிண்ணங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: பச்சைக் கொழுந்து, வாடினது, புளித்தது. மூன்றையும் பிள்ளைகள் கண்ணை மூடி முகரட்டும். புளித்த இலையின் செம்பு நிறத்தையும் பழம் போன்ற வாசனையையும் ஒரு தடவை அறிந்த பிள்ளை "நொதித்தல்" என்ற சொல்லை மறக்காது.

கணக்கும் இங்கேதான். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போகிறது. அம்மா இன்று 18 கிலோ எடுத்தால் எத்தனை கிலோ தூள்? தரம் 5 பிள்ளைகள் தரையில் குந்தி நெருப்புக்குச்சி அடுக்கி நாலு என்று கண்டுபிடித்தார்கள். வரலாறு சொல்ல நினைப்பவர்கள் சுருக்கமாகச் சொல்லுங்கள்: இங்கே முதலில் இருந்தது கோப்பி, 1869இல் தொடங்கிய இலைநோயில் அது அழிந்தது, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் இந்தப் பிள்ளைகளின் பாட்டன் பூட்டிமார் என்பதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒரு முறை தரம் 3 பிள்ளை ஒருத்தி வாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், எங்கம்மா இதுக்குள்ள வந்து பாத்திருக்காங்களா?" தெரியாது, கேட்டுப் பார் என்றேன். மறுநாள் பதில் கொண்டுவந்தாள். பதினாலு வருசமாகக் கொழுந்து எடுக்கிற அம்மா நிறுவைக் கொட்டகையைத் தாண்டி உள்ளே வந்ததில்லையாம். அந்த வருடத்திலிருந்து தொழிற்சாலை நாளில் உதவிக்கு வரும் பெற்றோராகக் கொழுந்து எடுக்கும் அம்மாமாரையே கேட்கிறோம். அவர்களுக்கு அன்றைய பேர் போகாதபடி முகாமையாளரிடம் கடிதத்திலேயே கேட்டுவிடுகிறோம்.

புதன்: விளையாட்டு

வாரத்தின் நடுவில் வைப்பது களைப்புக்காக. வியாழன் பஸ்ஸில் தூங்கிக்கொள்வார்கள்.

மலையில் சமதரை கிடைப்பது அரிது. மைதானம் சரிவாக இருந்தால் ஓட்டப் பாதையைக் குறுக்கே போடுங்கள், கீழ்நோக்கி ஓட விடாதீர்கள். பனிப்புல் காயும்வரை, ஒன்பது மணி வரை, ஓட்டம் வேண்டாம். சப்பாத்து எல்லோரிடமும் இல்லாவிட்டால் எல்லோரும் வெறுங்காலோடுதான், ஆசிரியர்களும் அப்படியே. அதற்காக முந்தின நாளே மைதானத்தில் கண்ணாடித் துண்டும் கல்லும் பொறுக்கிவிட வேண்டும்.

இல்ல விளையாட்டுப் போட்டி போல முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் என்று இதை நடத்துவதில்லை. தோற்றவர் வெளியே போய் நிற்கும் விளையாட்டுகளையும் எடுத்துவிட்டோம். மெதுவாக ஓடும் பிள்ளைதானே முதலில் வெளியேறுகிறது, ஓட்டம் தேவைப்படுவதோ அந்தப் பிள்ளைக்கு! எட்டு நிலையங்கள் போட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குழுக்களை மாற்றுங்கள். கொழுந்துச் சாக்கில் சாக்கோட்டம், கூடையைக் கட்டித் தொங்கவிட்டுப் பந்து போடுதல், நின்று பாய்தல், கரண்டியும் தேசிக்காயும், கயிறிழுத்தல், வளையம் வீசுதல், தடித்த விரிப்பான படங்கை விரித்து நாலு பேராய்ப் பந்தை ஏந்திப் போடுதல், ஓய்வு நிலையம். ஓய்வு நிலையத்தில் தண்ணீரும் வாழைப்பழமும்.

படங்கு விளையாட்டைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். நாலு மூலையையும் நாலு பிள்ளை பிடிக்க, நடுவில் பந்து. ஒருவர் இழுத்தால் பந்து விழுந்துவிடும். காலில் பலம் குறைந்த ஒரு பிள்ளை எங்கள் பாடசாலையில் இருந்தாள். முதல் வருடம் அவளுக்கு விசில் கொடுத்து உட்கார வைத்தோம். அடுத்த வருடம் படங்கின் ஒரு மூலையை அவள் நாற்காலியில் இருந்தபடி பிடித்தாள், குழுவுக்குக் கட்டளையும் அவள்தான். இருபத்திரண்டு முறை பந்து விழவில்லை.

தரம் 4, 5க்கு ஒரு சிறு பரிசோதனை: ஓடுவதற்கு முன் நாடியை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓடியபின் மறுபடி. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. மூன்று எண்களையும் வரைபாக்கினால் வெள்ளிக்கிழமைக் கண்காட்சிக்கு ஒரு பக்கம் ஆயத்தம்.

மழை பெய்தால் பல்லாங்குழி, தாயம், கரம். இவற்றை முன்பே எடுத்து வைத்திருங்கள்.

வியாழன்: பஸ் பயணம்

எங்கள் பயணம் தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, ஹக்கல. திங்கள் ஓடையில் விட்ட இலையைப் பிள்ளைகள் வழியெல்லாம் தேடுவார்கள். கொத்மலை ஓயாவின் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி வீதியிலிருந்தே தெரியும். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்கட்டு, 2012இல் மின்சாரம் தரத் தொடங்கியது. பாடசாலையில் எரியும் பல்புக்கும் ஓடைத் தண்ணிக்கும் தொடர்பு இருப்பதைப் பஸ் யன்னலால் காட்டிவிடலாம். நீர்வீழ்ச்சியருகே யாரையும் தண்ணீருக்குள் இறங்க விடாதீர்கள், பார்வையிடம் மட்டும்.

ஹக்கல தாவரவியல் பூங்கா 1861இல் சிங்கோனா மரத்துக்காகத் தொடங்கப்பட்டது. மலேரியாவுக்கான கொயினா மருந்து அந்தப் பட்டையிலிருந்து வந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அங்கே வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்குக் கால் கடுக்கும். எல்லாவற்றையும் பார்க்க வைக்காமல், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தேடல் கொடுங்கள்: மரம் போல வளர்ந்த பன்னம் (பெரணி), முள் உள்ள மூன்று செடி, எங்கள் லயத்திலும் இருக்கிற இரண்டு பூ. கடைசித் தேடலில்தான் சத்தம் அதிகம். வீட்டு வாசலில் இருக்கும் பூவுக்கு இங்கே பெயர்ப்பலகை இருப்பதைப் பார்த்து அவர்களுக்குப் பெருமை தாங்காது.

குரங்குகள் சாப்பாட்டைப் பறிக்கும், பைகளைத் திறக்கும் இடத்தை யோசித்துத் தெரிவுசெய்யுங்கள். மதிய உணவு சமைத்துத் தரும் அம்மாமாரிடம் முந்தின வாரமே சொல்லி அன்றைக்குப் பொதி கட்டச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, வீட்டிலிருந்து வேறு கொண்டுவர வேண்டாம். ரொட்டியும் கட்டியான பருப்பும் நல்லது. தேங்காய்ச் சம்பல் பஸ் சூட்டில் மதியத்துக்குள் பழுதாகிவிடும்.

வாந்தி வரும் பிள்ளைகள் முன்னிருக்கையில், யன்னலோரம். வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள், வயிறு நிறையவும் கொடுக்காதீர்கள். இரண்டு பிஸ்கட்டும் கையில் ஒரு தேசிக்காயும் போதும், வளைவுகளில் முகர்ந்துகொள்வார்கள். பையும் தண்ணீரும் துணியும் ஆசிரியர் கையில். எந்தப் பிள்ளைக்கு வாந்தி வந்தாலும் "இந்த வளைவில் எனக்கும் வரும்" என்று சொல்லிவிட்டால் அதன் வெட்கம் போய்விடும்.

பயணத்துக்கு முந்தின இரவு மழை பலமாக இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். உங்கள் பாதையில் எந்தப் பிரதேசத்துக்காவது எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒத்திவைத்துவிடுங்கள். பஸ் காசு போனால் போகட்டும். இருட்டுமுன் பிள்ளை லயத்து வாசலில் இறங்க வேண்டும் என்பதை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கணியுங்கள்.

வெள்ளி: காட்டவும் சொல்லவும்

காலையில் ஒட்டுதல், எழுதுதல், அடுக்குதல். தரம் 1 பிள்ளை படம் வரைந்து ஒரு சொல் எழுதினால் போதும். தரம் 5 அரைப்பக்கம். திருத்திச் சிவப்பு மை போடாதீர்கள்.

பெற்றோர் வருவது ஐந்து மணிக்கு. பேச்சாளர், மாலை, வரவேற்புரை எதுவும் வேண்டாம். பிள்ளை தன் அம்மாவையோ அப்பத்தாவையோ கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தைக் காட்ட வேண்டும், அதுதான் நிகழ்ச்சி. வாசிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளை வாசித்துக் காட்டும். அன்று பின்னேரம் அடுத்தடுத்த மேசைகளில் அப்படி எழும் சத்தம் எனக்கு வருடம் முழுக்கப் போதும். யாரும் வராத பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களைக் காலையிலேயே கேட்டறிந்து, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசிரியர் பார்வையாளராகப் போங்கள்.

முடிந்த பிறகு

திங்கட்கிழமை வரவு செலவைப் பலகையில் ஒட்டுங்கள், மொத்தத் தொகை மட்டும். டீமேக்கருக்கும் பஸ் சாரதிக்கும் சமைத்த அம்மாமாருக்கும் பிள்ளைகள் கையால் நன்றிக் கடிதம். இரவல் வாங்கிய கூடை, சாக்கு, படங்கு எல்லாம் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போக வேண்டும்.

பிறகு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: எந்த வளைவில் எத்தனை பேர் வாந்தி, எந்த நிலையத்தில் பிள்ளைகள் சலித்தார்கள், எந்தப் பெற்றோர் நன்றாக உதவினார்கள், ஐந்து நாளில் யார் எந்த நாள் வரவில்லை. கடைசி வரிக்காக அன்று பின்னேரமே அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.